4-ம் பக்கத்தில் உறைபனி, 31-ம் பக்கத்தில் பச்சைத்தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி இதழ் வந்து சேர்ந்தது. வழக்கம்போல பத்து நாள் தாமதம்தான், அதை விடுங்கள். குளிர்காலத்தில் டிராக்டர் பராமரிப்பு என்று தலைப்பைப் பார்த்ததும் காய்கறி விலைப் பக்கத்தைக்கூடப் புரட்டாமல் நேராக 31-ம் பக்கத்துக்குப் போனேன். பஞ்சாபில் இப்படி, லடாக்கில் அப்படி என்று ஒன்றரைப் பக்கம் நன்றாகத்தான் போகிறது. கடைசிப் பத்தியில் வந்தது பாருங்கள் ஒரு வரி: "நல்லவேளையாகத் தமிழ்நாட்டில் தண்ணீர் உறையும் குளிர் கிடையாது, எனவே நம் விவசாயிகளுக்கு ரேடியேட்டரில் பச்சைத்தண்ணீரே போதும்."

அதே இதழில் 4-ம் பக்கத்தில் தலைகுந்தா புல்வெளி சர்க்கரை தூவினமாதிரி வெள்ளையாகக் கிடக்கும் படம், பக்கத்தில் குல்லா போட்ட சுற்றுலாக்காரர்கள், கீழே "மினி காஷ்மீராக மாறிய ஊட்டி". நீலகிரி எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படம் பிடிக்க மட்டும் குளிர் உண்டு, டிராக்டருக்குக் குளிர் கிடையாது, அப்படித்தானே?

நான் ஊட்டி பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவன். எங்கள் முத்தோரையில் மத்திய அரசின் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, குளிர் இல்லாத ஊரில் அதைக் கொண்டுவந்து வைத்திருக்க மாட்டார்கள். கார்த்திகையில் நீர்ப்பனி ஆரம்பிக்கும், மார்கழி, தையில் உறைபனி. மேட்டில் வீடு இருப்பவனுக்கு அவ்வளவாகத் தெரியாது, பள்ளத்தில் தோட்டம் வைத்திருப்பவனைக் கேளுங்கள். காற்றில்லாத ராத்திரியில் குளிர் அப்படியே வழிந்து பள்ளத்தில் வந்து தேங்கும்.

இரண்டு வருடம் முன்பு தை மாதம், கேரட் லோடு ஏற்றி முடிக்க இருட்டிவிட்டது, டிராக்டரைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். இன்ஜின் சூட்டைத் தணிக்கிற ரேடியேட்டரில் இருந்தது நீங்கள் சொன்ன அதே பச்சைத்தண்ணீர். வண்டி கொடுத்த இடத்தில் சர்வீஸ் ஆளும் "கூலண்ட் எல்லாம் வடநாட்டுக்காரனுக்குங்க" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். கூலண்ட் என்பது ரேடியேட்டர் தண்ணீர் உறையாமலிருக்கக் கலக்கிற திரவம். காலை ஆறரைக்குப் போனால் பானெட் மேலே உப்புத்தாள் தேய்த்தமாதிரி பனி. எப்படியோ செல்ஃப் எடுத்தது, எடுத்ததும் ஃபேன் பெல்ட் பன்றி கத்துவதுபோல ஒரு கத்து. வாட்டர் பம்ப் சுற்றவில்லை. உள்ளே பனிக்கட்டி. உடனே அணைத்துவிட்டேன், இல்லையென்றால் பம்ப்பும் போயிருக்கும். வெயில் ஏறி ஒன்பதரை மணிக்கு ரேடியேட்டரின் கீழ்த்தொட்டி ஓரமாக ஒரு சொட்டு, அப்புறம் ஒரு சொட்டு, அப்புறம் கோடாக ஒழுக ஆரம்பித்தது. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும், அதற்கு இடம் கொடுக்காத உலோகம் வாய் பிளக்கும், இது பள்ளிக்கூடப் பாடம். பதினோராயிரம் ரூபாய். வாரண்டி கேட்டதற்கு "நீங்க ஏன் கூலண்ட் ஊத்தல?" என்று அதே சர்வீஸ் ஆள் என்னையே திருப்பிக் கேட்டார். என் அதிர்ஷ்டம், இன்ஜின் பிளாக் வெடிக்கவில்லை.

இன்னொன்று. எங்கள் ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் கொஞ்சம் காப்பாற்றும், அவ்வளவுதான். ஆக பச்சைத்தண்ணீர் ராத்திரி உறையும், மத்தியானம் லோடோடு மேடேறினால் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு பக்கமும் உதை வாங்குகிறவனுக்குப் போய் "போதும்" என்கிறீர்கள். கூலண்டையும் தண்ணீரையும் பாதிப் பாதி கலந்தால் மைனஸ் 35 வரை தாங்கும், கொதிநிலையும் ஏறும், துருவும் பிடிக்காது. இந்தக் கடைசி இரண்டுக்காகவே தஞ்சாவூர்க்காரரும் அதைத்தான் ஊற்ற வேண்டும். நல்லதுதானே என்று கூலண்டை மட்டும் நிரப்பாதீர்கள், தனிக் கூலண்ட் பாதிக்குப் பாதி கலந்ததைவிடச் சீக்கிரம் உறையும். எங்கள் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அப்படித்தான் இரண்டு கேன் வீணாக்கினார்.

உறையும் தண்ணீர் ஒரு கதை என்றால் டீசல் இன்னொரு கதை. 2019-ல் லடாக்குக்கென்று பானிபட் ஆலையிலிருந்து மைனஸ் 33 டிகிரியிலும் ஓடுகிற டீசல் விட்டதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் மற்ற இடங்களில் என்ன விற்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே? நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை விற்கிற டீசல் 6 டிகிரி வரை மெழுகு கட்டி ஃபில்டரில் அடைக்காமல் போனால் போதும், மற்ற மாதங்களில் 18 டிகிரி போதும், நம் நாட்டுத் தர விதி அவ்வளவுதான் கேட்கிறது. நான் ஆயுத பூஜை சமயத்தில் கேனில் வாங்கி வைத்த டீசலை மார்கழியில் ஊற்றினேன். மறுநாள் ஃபில்டர் கிண்ணத்தைப் பார்த்தால் இளநீரில் பால் விட்டமாதிரி ஒரு கலங்கல், அடியில் மெழுகு. டீசல் குழாயில் புகுந்த காற்றை, அதாவது ஏர் லாக், எடுத்து எடுத்து விரல் மரத்துப்போனதுதான் மிச்சம். இப்போதெல்லாம் பழைய டீசலை ஐப்பசிக்குள் ஓட்டித் தீர்த்துவிடுவேன், சாயந்திரமே டேங்கை நிரப்பிவிடுவேன். பாதி டேங்க் காலியாகக் கிடந்தால் ராத்திரியில் உள்ளே வேர்த்து, தண்ணீர் இறங்கும்.

இதைவிட எனக்குக் கோபம் வந்தது அந்தப் பெட்டிச் செய்தி. "காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பெட்ரோல் நனைத்த துணியை ஏர் கிளீனர் வாயில் காட்டலாம்." யார் சார் எழுதியது? டீசல் இன்ஜினில் தீப்பொறி விடும் ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை நெருக்கி அந்தச் சூட்டில்தான் பற்ற வேண்டும். குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், எங்கள் உயரத்தில் காற்றும் சமவெளியில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான், அதனால் கஷ்டம் என்பது வாஸ்தவம். அதற்காகப் பெட்ரோலைக் காட்டினால் அது நேரம் கெட்ட நேரத்தில் வெடிக்கும், பிஸ்டன் ரிங் உடையும். காற்று உள்ளே போகிற குழாயில் (மேனிஃபோல்டில்) ஹீட்டர் இருக்கிற வண்டியாக இருந்தால் நெருப்பு திரும்பி முகத்துக்கே வரும். என் மச்சானுக்கு ஒரு பக்கப் புருவம் மூன்று மாதம் இல்லை. கல்யாண வீட்டுப் போட்டோவில் இன்றைக்கும் பார்க்கலாம்.

நான் செய்வது இவ்வளவுதான். பேட்டரியைச் சாயந்திரம் கழற்றி வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் வைப்பேன் (மாப்பிள்ளை வந்தால்கூட இந்தக் கவனிப்பு இல்லை என்பாள் என் மனைவி). குளிரில் பேட்டரிக்கு மூன்றில் ஒரு பங்கு தெம்பு போய்விடும், அந்த நேரம் பார்த்துத்தான் ஆயிலும் கெட்டியாகி இன்ஜின் சுற்ற மறுக்கும். அதனால் 20டபிள்யூ-40 ஆயிலை விட்டுவிட்டு, குளிரில் அவ்வளவு கெட்டியாகாத 15டபிள்யூ-40 போடுகிறேன், வித்தியாசம் முதல் நாளே காதுக்குத் தெரிந்தது. காலையில் கிளட்சை முழுதாக மிதித்து, கியர் ஆயிலின் பாரம் இன்ஜின் மேல் விழாமல் பார்த்துக்கொண்டு, ஹீட்டர் சாவியை இருபது விநாடி பிடித்து, செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் அரைக்காமல், எடுக்காவிட்டால் ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி. எடுத்ததும் ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் நாலைந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் வண்டியும் தயார், நானும் தயார். பவர் டில்லர் வைத்திருப்பவர் ராத்திரி தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இரும்பு விரிசல் விடும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? தெரியும். எங்களுக்காக எழுதத் தோன்றவில்லை, அதுதான் விஷயம். மூன்று வருடம் முன்பு பவர் டில்லர் பற்றிக் கேள்வி கேட்டு எழுதினேன், பதிலே இல்லை. அடுத்த மாதமே உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்து பனி விழுந்த கேரட் தோட்டம் போட்டோ இருந்தால் அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். வந்தது, பெயர் போடாமல். நெல்லுக்கு எட்டுப் பக்கம், தென்னைக்கு ஆறு பக்கம், நான் குறை சொல்லவில்லை, அவர்கள்தான் அதிகம். ஆனால் மலைக்காய்கறி என்றால் மேட்டுப்பாளையம் மண்டி விலைப்பட்டியலோடு முடிந்துவிடுகிறது. "மலைப்பிரதேச விவசாயிகள் வேளாண் அலுவலரை அணுகவும்" என்று அடியில் ஒரு வரி. அந்த அலுவலரும் உங்கள் பத்திரிகையைத்தான் படிக்கிறார், அவர் மேஜையில் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாசி வரைக்கும் பனி இருக்கிறது. அடுத்த இதழில் நான்கு வரி போடுங்கள்: நீலகிரி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் ரேடியேட்டரில் பச்சைத்தண்ணீர் ஊற்ற வேண்டாம், பெட்ரோல் துணி யாருமே காட்ட வேண்டாம். திருத்தம் என்று தலைப்புப் போடப் பிடிக்காவிட்டால் "வாசகர் குறிப்பு" என்றே போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
கேரட் விவசாயி ஒருவர்,
முத்தோரை பாலாடா.

பி.கு.: என் சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது. பணம் அனுப்பிவிட்டேன், கோபித்துக்கொண்டு நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இதழை மட்டும் கொஞ்சம் நேரத்தோடு அனுப்பிவையுங்கள், பனி முடிந்த பிறகு வந்து புண்ணியமில்லை.