பேர்த் சேட்டிபிகேட்டும் நம்ம ஃபுட்போல் டீமும்: அதிபரோட கடிதம்

அன்பான அம்மா அப்பாமார்களுக்கும், அம்மா வெளிநாட்டுலயும் அப்பா கொழும்புலயும் இருக்கிறதால புள்ளைகள வச்சுப் பாத்துக்கிற அம்மாயி, அப்பாயி, தாத்தாமார்களுக்கும் வணக்கம்.

இத வழக்கமான சுற்றறிக்கை மாதிரி எழுதல, பேசுற மாதிரியே எழுதுறேன். போன பெற்றோர் கூட்டத்துக்கு தோட்டத்துல தேயிலைக் கொழுந்து கூடின நாள்னால பாதிப் பேர் வரல, வந்தவங்கள்ல பின்னால இருந்த ஒரு அப்பா எழும்பி ஒரு கேள்வி கேட்டாரு. "சேர், மத்த ஸ்கூல்ல எல்லாம் பெரிய பொடியன்கள தம்பியோட பேர்த் சேட்டிபிகேட்ல இறக்குறாங்க, நம்ம மட்டும் ஒழுங்கா போயி ஏன் சேர் அஞ்சு கோல் வாங்கிட்டு வரணும்?" எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டேன். அதுதான் நா செஞ்ச பிழை. அடுத்த கிழமையே 16 வயசுக்குக் கீழ் டீமுக்கு வந்த ஃபோம்கள்ல ரெண்டு, போட்டோகொப்பியில வருஷம் மட்டும் கொஞ்சம் தடிப்பா விழுந்திருந்துச்சு, புள்ளைகள ஸ்கூல்ல சேக்கிறப்போ பதியிற சேர்வு இடாப்ப எடுத்துப் பாத்தா அங்க வேற வருஷம். யாரோட புள்ளைன்னு சொல்லப் போறதில்ல, அந்த வீட்டுக்காரங்க தனியா வந்து பேசிட்டாங்க, அது முடிஞ்சது. ஆனா கேள்வி முடியல, அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

நம்ம பொடியன்கள்கிட்ட ஒசிமென்னு சொன்னா உடனே முகமூடி போட்டுட்டு ஓடுற அந்த நைஜீரியாக்காரர்னு சொல்லுவாங்க, நாப்போலி டீம் 33 வருஷத்துக்குப் பிறகு 2023ல இத்தாலி லீக்க வென்றப்போ 26 கோல் அடிச்சவரு. அவரு சின்ன வயசுல அம்மாவ பறிகொடுத்துட்டு லாகோஸ் நகரத்து ட்ராஃபிக்ல வாகனத்துக்கு நடுவுல ஓடி ஓடி பக்கட் தண்ணி வித்த பொடியன். அவர உலகத்துக்குக் காட்டினது நைஜீரியாவோட 17 வயசுக்குக் கீழ் டீம்தான், கோல்டன் ஈக்லட்ஸ்னு சொல்லுவாங்க, தங்கக் கழுகுக் குஞ்சுகள்னு வச்சுக்கலாம். 2015ல சிலியில நடந்த உலகக் கிண்ணத்துல அவரு 10 கோல் அடிச்சாரு, ஃபைனல்ல மாலிய 2-0ன்னு வென்றாங்க.

அந்த டீமோட கதைய நா கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஃபுட்போல்ல விருப்பமில்லாத அம்மாமார் பொறுத்துக்கோங்க.

1985ல சீனாவுல இந்த வயசுக்கான உலகப் போட்டி முதல் முறையா நடந்துச்சு, அப்போ 16 வயசுக்குக் கீழ். அதுல ஃபைனல்ல மேற்கு ஜேர்மனிய 2-0ன்னு வென்றது நைஜீரியா. உலக ஃபுட்போல் சங்கமான ஃபிஃபா நடத்தின போட்டியில ஆப்பிரிக்க நாடொன்னு கிண்ணம் தூக்கினது அதுதான் முதல் தடவை. 1987ல கனடாவுல திரும்பவும் ஃபைனல், சோவியத் யூனியன்கிட்ட பெனால்டியில தோத்தாங்க. 1993ல ஜப்பான்ல கானாவ 2-1ன்னு வென்றாங்க, அந்த டீம்ல இருந்த கானுதான் பிறகு நெதர்லாந்து க்ளப் அயாக்ஸ்ல சேம்பியன்ஸ் லீக்கும் அட்லாண்டாவுல ஒலிம்பிக் தங்கமும் வாங்கி, ஆர்சனல்லயும் விளையாடினவரு. 2007ல தென் கொரியாவுல ஸ்பெயின பெனால்டியில, 2013ல மெக்சிகோவ 3-0ன்னு, அப்புறம் 2015. மொத்தம் அஞ்சு கிண்ணம், வேற எந்த நாடும் அஞ்சு தொடல, பிரேசிலே நாலுலதான் நிக்குது.

இவ்வளவும் கேட்டா அந்த அப்பா "பாத்தீங்களா சேர், அவனுங்களும் வயச மாத்தித்தானே வென்றிருப்பானுங்க"ம்பாரு. அந்தப் பேச்சு உலகம் முழுக்க இருந்துச்சு, சும்மா பொறாமையில வந்த பேச்சுன்னும் தள்ளிட முடியாது. 1988 ஒலிம்பிக்குக்கு நைஜீரியா குடுத்த சிலரோட பிறந்த திகதியும், அதே ஆட்கள் அதுக்கு முந்தின இளைஞர் போட்டிகளுக்கு குடுத்த திகதியும் வேற வேறயா இருந்தத ஃபிஃபா கண்டுபிடிச்சுச்சு. தண்டனை என்னன்னா ரெண்டு வருஷத்துக்கு எந்த வயசுப் பிரிவு டீமும் ஃபிஃபா போட்டிக்கு வரக்கூடாது, அதோட 1991ல நைஜீரியாவுல நடக்க இருந்த 20 வயசுக்குக் கீழ் உலகக் கிண்ணத்தையும் பறிச்சு போர்த்துக்கலுக்கு குடுத்துட்டாங்க. அங்க ஃபிகோவும் ரூய் கோஸ்டாவும் சொந்த சனத்துக்கு முன்னால விளையாடி கிண்ணத்த எடுத்தாங்க. எனக்கு இதுல வயித்தெரிச்சல் எங்கன்னா, 1989ல சவூதி அரேபியாவுல இதே நைஜீரியாவோட 20 வயசு டீம் சோவியத் யூனியன்கிட்ட 4-0ன்னு பின்னால கிடந்து, நாலு கோலையும் திருப்பி அடிச்சு பெனால்டியில வென்றிருந்துச்சு. அப்படி விளையாடுற நாட்டுல ஒழுங்கா வயசு உள்ள எத்தனை பொடியன்கள் இருந்திருப்பாங்க, சொந்த ஊர்லயே உலகக் கிண்ணம் விளையாட இருந்தவங்க, யாரோ பெரியவங்க கடதாசியில கை வச்சதால வீட்டுல உக்காந்துட்டாங்க.

2009ல கதை மாறிச்சு. அந்த வருஷம் 17 வயசு உலகக் கிண்ணம் நைஜீரியாவுலயே நடந்துச்சு, ஃபிஃபா புதுசா எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கொண்டு வந்துச்சு. மணிக்கட்டு எலும்ப படம் எடுத்துப் பாக்கிறது, வளர்ற வயசுல எலும்பு நுனியில ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கும், அது முழுசா ஒட்டிப் போயிருந்தா பொடியன் 17 தாண்டிட்டான்னு கிட்டத்தட்ட நிச்சயமா சொல்லிடலாம். கடதாசி பொய் சொல்லும், எலும்பு சொல்லாது. போட்டிக்குக் கொஞ்ச நாளைக்கு முன்ன நைஜீரியா தன்னோட முகாம்லயே ஸ்கேன் எடுத்துப் பாத்து 15 பேர வீட்டுக்கு அனுப்பிச்சு. சொந்த நாட்டுல போட்டி, டீம் பாதி காலி, மானம் போகப் போகுதுன்னு எல்லாரும் நினைச்சாங்க. அவசரத்துல சேத்த பொடியன்களோட போய் ஃபைனல் வரைக்கும் வந்தாங்க, சுவிட்சர்லாந்துகிட்ட ஒரே ஒரு கோல்லதான் தோத்தாங்க. ஸ்கேன் வந்த பிறகுதான் 2013ம் 2015ம், ஒசிமென் அந்த ஸ்கேன் காலத்துப் புள்ள. அந்த அப்பாவுக்கு நா கூட்டத்துலயே சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

அதுக்காக அவங்க திருந்திட்டாங்கன்னு நா சொல்ல வரல. 2016ல திரும்ப ஒரு 26 பேர் ஸ்கேன்ல விழுந்தாங்க, 2017 உலகக் கிண்ணத்துக்கு அந்த டீம் போகவே இல்ல. பக்கத்து நாடு கெமரூன்ல கொஞ்ச வருஷத்துக்கு முன்ன 30 பேர்ல 21 பேர். பழக்கம் லேசுல போகாது.

இப்ப என் கதை ஒன்னு, இத எழுதலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். நா வேலைக்குச் சேந்த புதுசுல, வேற ஒரு தோட்டத்து ஸ்கூல்ல, நல்லா விளையாடுற பொடியன் ஒருத்தன், வயசு ஒன்றரை கூடிப் போச்சு. அவனுக்கு ஒரு தம்பி. தம்பியோட சேட்டிபிகேட்ல அண்ணன் படத்த ஒட்டி ஃபோம் நிரப்பினாங்க, அத அவங்க லயத்து வீட்டுக்குக் கொண்டு போய் அப்பாகிட்ட கைநாட்டு வாங்கிட்டு வந்தது நான்தான். கப் வந்துச்சு, பாண்டு வாத்தியத்தோட ரோட்டுல கூட்டிட்டு வந்தோம். ரெண்டு வருஷம் கழிச்சு தம்பி வளந்தான், அண்ணன விட நல்லா விளையாடினான், அவன் பேர அனுப்பினா, இந்தப் பேர்ல இந்தப் பிறந்த நாள்ல வேற ஒரு முகம் ஏற்கனவே பதிஞ்சிருக்கு, நீ யாருன்னு கேட்டாங்க. என்ன சொல்றது? உண்மையச் சொன்னா ஸ்கூலுக்கே தடை வரும்னு நாங்க வாய மூடிட்டு இருந்துட்டோம். அந்தத் தம்பி அந்த வருஷம் லைனுக்கு வெளிய நின்னு போல் பொறுக்கிக் குடுத்தான், அடுத்த வருஷம் கொழும்புல கடை வேலைக்குப் போயிட்டான். இப்பவும் பஸ்ல எங்கயாவது கண்டா "சேர்"னு எழும்பி இடம் குடுக்கிறான். நா உக்காருறதில்ல.

அதனால இந்த ஸ்கூல்ல அது நடக்காது. அஞ்சு கோல் வாங்கினா வாங்கிட்டு வரட்டும், வேன்ல பாட்டு படிச்சிட்டுத்தானே வர்றாங்க.

தெற்காசிய 17 வயசுப் போட்டி 2022லயும் 2025லயும் நம்ம கொழும்பு ரேஸ்கோர்ஸ்லதான் நடந்துச்சு, ரெண்டு தடவையும் கிண்ணம் இந்தியாவுக்குப் போச்சு. நம்ம மலையகத்துப் பொடியன் ஒருத்தன் அப்படி ஒரு டீமுக்குப் போகணும்னா முதல்ல அவன் பேர்ல, அவன் திகதியில ஒரு கடதாசி இருக்கணும். அதுல நம்மகிட்ட பெரிய ஓட்டை இருக்கு. வீட்டுல பிறந்தது, பதியாம விட்டது, பேர் பிழையா விழுந்தது, ஆஸ்பத்திரி காட்ல ஒரு திகதி சேட்டிபிகேட்ல ஒரு திகதி, இப்படி டீமுக்கு வந்த ஃபோம்கள்லயே பல. பொய் சொல்லணும்னு இல்ல, யாரும் கவனிக்கல, அவ்வளவுதான். அப்படி உள்ளவங்க வெக்கப்படாம ஒஃபிசுக்கு வாங்க. காலம் கடந்த பதிவு செய்ய வழி இருக்கு, கிராம சேவகர்கிட்ட போகணும், பிரதேச செயலகத்துக்குப் போகணும், ஒரு நாள் பேர் விழாம சம்பளம் போகும்தான், தெரியும். கடிதம் தேவைன்னா நா எழுதித் தர்றேன், ஃபோம் நிரப்ப நம்ம டீச்சர்மார் உதவி செய்வாங்க. இது ஃபுட்போலுக்கு மட்டும் இல்ல, ஓ.எல். எழுதவும் ஐடென்டி காட் எடுக்கவும் இதே கடதாசிதான்.

மிச்ச விஷயம் சுருக்கமா. ப்ரக்டிஸ் செவ்வாயும் வியாழனும், 4 மணிக்கு முடிச்சு அனுப்பிடுவோம், பனி இறங்க முந்தி மேல் டிவிஷன் புள்ளைகள் வீடு போயிடணும். பூட்ஸ் இல்லன்னு யாரும் கடன் வாங்க வேணாம், பழைய மாணவர்கள் குடுத்தது ஒரு பெட்டி இருக்கு, அளவு பாத்து எடுத்துக்கலாம். மழை நாள்ல சோக்ஸ்க்கு சவக்காரம் தடவி விடுங்க, அட்டை ஏறாது. பொம்புளப் புள்ளைகள் டீமும் இந்த வருஷம் போடுறோம், இதுவரைக்கும் ஒன்பது பேர்தான் பேர் குடுத்திருக்காங்க, இன்னும் ரெண்டு பேர் வந்தாத்தான் டீம், அப்பாமார் கொஞ்சம் இறங்கி வாங்க. ஒரிஜினல் சேட்டிபிகேட்ட 20ஆம் திகதிக்கு முந்தி கொண்டு வந்து காட்டிட்டு கையோட திருப்பி எடுத்துட்டுப் போங்க, போட்டோகொப்பிய நாங்களே அடிச்சிக்கிறோம்.

அப்புறம் போன வியாழன் மஞ்சள் போல் ஒன்னு கிரவுண்ட் தாண்டி கீழ தேயிலைக்குள்ள உருண்டு போச்சு, மூனு பேர் இருட்டும் வரைக்கும் தேடியும் கிடைக்கல. அந்தப் பக்கம் கொழுந்து எடுக்கிறவங்க கண்ணுல பட்டா கொழுந்து நிறுக்கிற மடுவத்துல குடுத்து அனுப்புங்க, எங்ககிட்ட நல்ல போல்னு இருந்தது அது ஒன்னுதான்.

இப்படிக்கு,
உங்கள் அதிபர்