பாப்பாவின் வேப்பேரி விண்ணப்பம்

சென்னை,
மார்கழி 12

மாப்ளே,

கடிதம் வந்தது. சம்பா நெல் பால் பிடித்திருப்பதும் செவலைக் கிடேரி சினையாக இருப்பதும் தெரிந்து சந்தோஷம். இங்கே மழை ஒருவழியாக விட்டது. காலையில் மாதவரம் பக்கம் நல்ல பனி. பாப்பா கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள் என்று கடைசி வரியில் ஒதுக்கி எழுதியிருக்கிறாய். அதற்குத்தான் இந்தக் கடிதம் முழுக்க.

நீட் எழுதாமல் கால்நடை மருத்துவம் கிடைக்காது என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். அது பாதி உண்மை. இதற்கு வாசல் இரண்டு. நம் மாநில இடங்களைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்புகிறது. அதற்கு நீட் வேண்டாம். ஒவ்வொரு கல்லூரியிலும் 15 சதவீத இடம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அதை இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் நீட் தரவரிசைப்படி நிரப்புகிறது. நிறையப் பேர் தவறுவது இங்கேதான். நீட் எழுதி மதிப்பெண் வந்துவிட்டால் தானாக அழைப்பு வரும் என்று உட்கார்ந்திருப்பார்கள். வராது. எம்.பி.பி.எஸ். கலந்தாய்வுக்குப் பதிவு செய்ததும் இதற்குச் செல்லாது. கவுன்சிலின் கலந்தாய்வுக்கென்று தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பாப்பா இரண்டு வாசலையும் தட்டட்டும். பெங்களூரு ஹெப்பாள், கேரளத்தின் மண்ணுத்தி, திருப்பதி எல்லாம் நல்ல கல்லூரிகள். உங்கள் செய்யாற்றிலிருந்து பார்த்தால் திருநெல்வேலியைவிடத் திருப்பதி பக்கம். ஆனால் வெளிமாநிலத்துக்குப் போனால் மாட்டுக்காரரிடம் அவர் மொழியில் பேசியாக வேண்டும். மாடு வாய் திறந்து சொல்லாது, எத்தனை நாளாகத் தீனி எடுக்கவில்லை என்பதை அவரிடம்தான் கேட்க முடியும். மூன்றாம் ஆண்டுக்குள் அந்த மொழி நாக்கில் வந்திருக்க வேண்டும்.

இனி கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்குக் கணக்கிடும் மதிப்பெண். மொத்தம் 200. உயிரியல் 100, இயற்பியலில் பாதி 50, வேதியியலில் பாதி 50. தாவரவியல், விலங்கியல் என்று பிரித்துப் படித்தவர்களுக்கு இரண்டின் சராசரி உயிரியலாகக் கணக்காகும். பாப்பாவின் அரையாண்டு மதிப்பெண்ணைப் போட்டுப் பார்த்தேன். உயிரியல் 93, இயற்பியல் 88, வேதியியல் 91. அப்படியானால் 93 + 44 + 45.5 = 182.5. இயற்பியலில் 5 கூடினால் கட்-ஆஃப் இரண்டரைதான் ஏறும், உயிரியலில் 5 கூடினால் ஐந்தும் அப்படியே ஏறும். உச்சியில் நெருக்கம் அதிகம், கால் மதிப்பெண்ணுக்கே தரவரிசை சரசரவென இறங்கிவிடும். ஆகவே மீதமிருக்கும் இரண்டு மாதத்தில் பாதி நேரமாவது உயிரியலுக்கு வேண்டும். படம் வரைந்து பாகம் குறிப்பதில் அரையும் ஒன்றுமாகப் போகிறது, அதை விடக்கூடாது. முடிவு வந்தபின் ஏதாவது பாடத்தில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால் உடனே விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வாங்கினால்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும், அதற்குக் கொடுப்பது சில நாள்தான். மதிப்பெண் மாறினால் பல்கலைக்கழகத்துக்கும் தெரியப்படுத்த வேண்டும்.

பாப்பா ஆறாம் வகுப்பு எங்கே படித்தாள்? நீ மறந்திருந்தாலும் உன் வீட்டில் தங்கச்சிக்கு நினைவிருக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ஒரு வருடம் அங்கே படித்திருந்தாலும் போச்சு. எல்லாம் அரசுப் பள்ளிதான் என்றால், படித்த ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்க வேண்டியிருக்கும். மே மாதம் தலைமையாசிரியரைத் தேடி அலையாமல் இப்போதே கேட்டு வைத்துவிடு.

மற்ற காகிதங்களும் அப்படித்தான். சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் முன்னெழுத்தும் மதிப்பெண் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இதில் 'எஸ்', அதில் 'கே.எஸ்' என்று இருந்தால் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பித்தால் விசாரணை முடிந்து வர நாளாகும். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் அந்தச் சலுகை, பெரியவன் ஏற்கெனவே வாங்கியிருந்தால் பாப்பாவுக்கு இல்லை. வயது, சேரும் ஆண்டு டிசம்பர் 31க்குள் 17 நிறைந்திருக்க வேண்டும். இன்னொன்று, பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதா என்று பக்கத்தில் நின்று பார். அவசரத்தில் கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிடுவார், கலந்தாய்வுத் தகவலும் ஓ.டி.பி.யும் அவருக்குப் போகும். இப்படி இடத்தைக் கோட்டைவிட்ட பிள்ளைகள் உண்டு, மாப்ளே. கேட்கவே வயிறு எரியும்.

கல்லூரி ஏழு: வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, சேலம் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வேப்பேரியை முதலில் போடுகிறார்கள். 1903இல் தொடங்கிய கல்லூரி, பெயரும் பெரிது. அங்கே உள்ள மருத்துவமனைக்கு வரும் நாய், பூனைக் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும், செல்லப் பிராணி மருத்துவம் கற்க அதைவிட நல்ல இடம் இங்கில்லை. ஆனால் பாப்பா வளர்ந்தது மாட்டுக் கொட்டகையில். கறவை மாட்டையும் சினை பார்ப்பதையும் கை பழகக் கற்க வேண்டுமென்றால் ஒரத்தநாட்டையோ உடுமலையையோ மேலே போடுவதில் குறைவில்லை. கோழியில் விருப்பமிருந்தால் நாமக்கல். பட்டம் எங்கேயும் ஒன்றுதான். உண்மையாக விரும்பும் வரிசையிலேயே போடுங்கள், 'இது கிடைக்காது' என்று நினைத்து எதையும் கீழே தள்ள வேண்டாம். போகவே முடியாத கல்லூரியைச் சேர்க்கவும் வேண்டாம்.

அதே பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பம், பால்வளம், கோழியினம் என்று பி.டெக். படிப்புகளும் உண்டு. நல்ல படிப்புகள்தான். ஆனால் அதைப் படித்து மாட்டுக்கு ஊசி போட முடியாது. 'அதே காலேஜ்தானே' என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதே. மருத்துவராகப் பதிவு பெற பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.ஹெச். என்ற கால்நடை மருத்துவப் பட்டம்தான் வேண்டும். ஒரு வருட உள்ளுறைப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு.

இதையெல்லாம் செய்யும் முன் பாப்பாவை ஒரு வாரம் உங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரிக்கு அனுப்பு. டாக்டரிடம் கேட்டால் நிற்க விடுவார். கன்று ஈன்ற ஓரிரு நாளில் நல்ல கறவை மாடு கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடக்கும். சீம்பாலோடு சுண்ணாம்புச் சத்து போய் ரத்தத்தில் அது குறைவதால் வருவது. கால்சியம் மருந்தைக் கழுத்து நரம்பில் ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் மாடு எழுந்து நிற்கும். அதையே அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் இதயம் நின்று அங்கேயே செத்துப்போகும். பாட்டிலைப் பிடித்தபடி நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கொண்டு மெதுவாக ஏற்றும் அந்தப் பொறுமையை அவள் கண்ணால் பார்க்கட்டும். ஈன்றபின் நஞ்சுக்கொடி விழாத மாட்டையும், தோள்வரை கையுறை போட்டுச் சினை பார்ப்பதையும், சாணியும் ரத்தமும் சேர்ந்த வாடையையும் பார்த்துவிட்டு 'அப்பா, இதுதான் வேண்டும்' என்றாளானால் பிறகு யோசிக்கவே வேண்டாம். வேடிக்கை பார்க்கும்போது கன்று வீசிய, அதாவது கரு கலைந்த மாட்டின் நஞ்சுக்கொடியையோ கன்றையோ வெறுங்கையால் தொடக்கூடாது என்று சொல்லிவை. புருசெல்லா கிருமி மனிதருக்கும் தொற்றும், காய்ச்சல் விட்டுவிட்டு மாதக்கணக்கில் படுத்தும். சேர்ந்தபின் நாய்களைத் தொடும் முன் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளட்டும்.

கலந்தாய்வு நேரிலா இணையத்திலா என்பது அந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும். நேரில் என்றால் எழும்பூரில் இறங்கு, வேப்பேரி பக்கம்தான், நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். அசல் சான்றிதழ்களோடு இரண்டு செட் நகலும் எடுத்து வா. அந்த ஆறாம் வகுப்பு விஷயத்தை மட்டும் இந்த வாரமே விசாரித்து எழுது.

அன்புடன்,
உன் மாப்ளே