நகவேலைக்கு ஆள் சேர்க்கப் போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அவசரத்தில் சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். சலூனில் நகவேலைக்கென்று ஒரு பிள்ளையைச் சேர்க்கப் போகிறாய் என்றதும் எனக்குச் சந்தோஷம். ஐப்ரோவுக்கு உன்னிடம் வருகிற டீச்சர்மாரும் பேங்க் பிள்ளைகளும் நகத்துக்கு ஜெல் பூச்சுப் போட மட்டும் கண்டிக்குப் போகிறார்கள் என்றாயே, இனி அந்தக் காசு ஹட்டனிலேயே நிற்கட்டும்.

ஆனால், "மாசச் சம்பளம் இல்லை அக்கா, கமிஷன் மட்டும்தான்" என்றாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். கிலோ குறைந்த நாளில் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம், போட்டுவிட்டார்கள் என்று, கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மா இஸ்தோப்புத் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஜூன், ஜூலையில் நம்ம பக்கம் மழை விடாது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியிலும் அப்படித்தான். அந்த நாட்களில் ஆள் வராத மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அரைப்பேர்கூட விழாது. மஸ்கெலியாவிலிருந்து வந்துபோகிற பஸ் காசும் அவள் கையிலிருந்துதான் போகும். மூன்று மாதம் பார்ப்பாள், அப்புறம் கொழும்புக்குப் போய்விடுவாள். நான் போனதும் அப்படித்தான்.

சின்னத் தொகையானாலும் நிரந்தரச் சம்பளம் ஒன்று வை. கமிஷன் அதற்கு மேலே வரட்டும். ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் ஈ.பி.எஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதி கட்டத்தான் வேண்டும்: உன் பங்கு 12 வீதம், அவள் பங்கு 8 வீதம். ஈ.டி.எஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதமும் நீதான் கட்ட வேண்டும். அம்மா பென்ஷனுக்கு வந்தபோது கிடைத்த ஈ.பி.எஃப் காசில்தான் எங்கள் வீட்டுக்குக் கூரை மாற்றினோம். இதன் அருமையை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது ஜன்னல். நகமேசையைப் பின்னால் இருக்கிற ஸ்டோர் அறையில் போடலாம் என்றாய். தயவுசெய்து வேண்டாம். கொழும்பில் நான் நகவேலை செய்தது ஜன்னலே இல்லாத ஏசி அறையில். ராவிய தூள் மேசையில் மாவு மாதிரி படிந்திருக்கும், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாலும் செயற்கை நகம் வைக்கிற அக்ரிலிக் வாசம்தான் முதலில் வரும். இரண்டாம் வருடம் ஆள்காட்டி விரல் நுனி சிவந்து அரித்தது. பிறகு தோல் வெடித்து, வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. உப்புப் புளி பட்டால் உயிர் போகும். ஜெல்லிலும் அக்ரிலிக்கிலும் இருக்கிற அக்ரிலேட் ஒவ்வாமை என்றார் டாக்டர். சரியாக உறையாத ஜெல் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் வருவது இது. வந்தால் போகாது. பல்லுக்கு வைக்கிற வெள்ளை அடைப்பிலும் இதே வகைப் பொருள் இருப்பதால், அங்கே போனாலும் இதைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

குளிருக்குக் கதவு ஜன்னலை இறுக்கி மூடுவது நம்ம ஊர்ப் பழக்கம். அதனால்தான் பயப்படுகிறேன். மேசையை முன்ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டு, காற்றை வெளியே தள்ளுகிற ஃபேன் ஒன்று பூட்டு. அந்தப் பிள்ளைக்கு நைட்ரைல் கையுறை வாங்கிக் கொடு, அடிக்கடி மாற்றச் சொல். காலைக் குளிரில் ஜெல் கெட்டித் தேன் மாதிரி நிற்கும், தடிப்பாகப் பூசினால் ஜெல்லை உறைய வைக்கிற லைட்டில் அடிவரைக்கும் உறையாது. மூடியை இறுக்கி, பாட்டிலைக் கொஞ்ச நேரம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து எடுத்தால் இளகிவிடும். தோலில் வழிந்ததை லைட்டுக்குள் கை வைக்கும் முன்னாலேயே துடைத்துவிட வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

சாமான் வாங்கும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பாட்டிலைத் தொடாதே. அக்ரிலிக் லிக்விட்டில் நகத்தைக் கெடுக்கிற எம்.எம்.ஏ என்ற பொருள் இருந்தால் வேண்டாம், அதற்குப் பதிலாக ஈ.எம்.ஏ இருப்பதை எடு. ஜெல்லை லைட்டில் உறைய வைக்கச் சேர்க்கிற டி.பி.ஓ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்துவிட்டது. திடீரென்று மலிவாக வருகிற ஜெல் என்றால் அதையும் பார்த்து வாங்கு.

ஆளைத் தேர்ந்தெடுக்கிறபோது என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருந்தால் நல்லது. ஆனால் போட்டோவில் காட்டுகிற பூவேலையைப் பார்த்து மயங்காதே. உன் நகத்தில் பழைய ஜெல் இருக்கிறபோது, அதைக் கழற்றச் சொல்லிப் பார். அசிட்டோன் பஞ்சை வைத்து ஃபாயில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்திருந்து, இளகியதை மெதுவாகத் தள்ளி எடுப்பவளைச் சேர். சுரண்டிப் பிய்க்கிறவள் என்றால் நகத்தின் மேல் படையும் சேர்ந்து வரும். நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். கெட்டது முழுசாகப் போய்ப் புது நகம் வர ஆறு மாதம் ஆகிவிடும், அந்தக் கஸ்டமர் அதுவரைக்கும் உன் கடைப் பக்கம் வரமாட்டார்.

அடுத்த கிழமை நுவரெலியா போகிற வழியில் இறங்குகிறேன். முன்ஜன்னலின் அகலத்தை அளந்து வை, ஃபேன் வாங்கச் சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
அக்கா