பலகையின் மறுபாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 15 அன்று கல்லக்குடிப் போராட்டம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாக இருந்தது. கூடவே ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் படமும் போட்டிருந்தீர்கள். அதில் 'கல்லக்குடி' தெரிந்தது. அதை அடுத்து எழுதியிருக்கும் 'பழங்காநத்தம்' வெட்டுப்பட்டுப் போயிருந்தது. நான் அந்த வெட்டுப்பட்ட ஊர்க்காரன்.

1953-ல் கருணாநிதி தலைமையில் வந்தவர்கள், சிமென்ட் ஆலை முதலாளி டால்மியாவின் பெயரில் இருந்த 'டால்மியாபுரம்' பலகையின் மேல் 'கல்லக்குடி' என்ற தாளை ஒட்டியதும், தண்டவாளத்தில் படுத்ததும் எல்லோரும் அறிந்த கதை. பின்னாளில் ரயில்வே பெயரை மாற்றியபோது இரண்டு ஊர்களையும் சேர்த்துத்தான் 'கல்லக்குடி பழங்காநத்தம்' என்று எழுதியது. ஆனால் பேச்சிலும் எழுத்திலும் நிற்பது முதல் ஊர் மட்டுமே. ஒருமுறை மதுரையில் டிக்கெட் எடுக்கும்போது, "ஒரு பழங்காநத்தம்" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "அதுக்கு எதுக்குய்யா ரயிலு? வெளியில டவுன் பஸ் நிக்கும், ஏறிப் போங்க" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். அவர் மேல் தப்பில்லை. மதுரைக்குள்ளேயே ஒரு பழங்காநத்தம் இருக்கிறது. பெரிய ஊர்!

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. சோளமும் பருத்தியும் போட்ட கொல்லைகள். விழுப்புரம் – திருச்சி கார்டு லைன் எனும் குறுக்கு ரயில் பாதை முதலில் வந்தது, 1939-ல் சிமென்ட் ஆலை வந்தது. மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், பக்கத்திலேயே தண்டவாளம். ஆலைக்கு வேறென்ன வேண்டும்? என் அப்பா அதில்தான் வேலை பார்த்தார். அப்பாயி கடைசிவரை அதை ஆலை என்றோ கம்பெனி என்றோ சொல்லிக் கேட்டதில்லை. "ஒங்கப்பன் டால்மியாவுக்குப் போயிருக்கான்" என்பார், ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது மாதிரி.

அந்தச் சுண்ணாம்புக்கல் கடலடியில் உண்டானது. சிப்பி பதிந்த கல் கிடைத்தால் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுக்கொள்வோம். அம்மா திட்டுவார். 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய அந்தப் பாறையடுக்குகளில் ஒன்றுக்குப் புவியியல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'டால்மியாபுரம்'. ரயில்வே மாற்றிவிட்டது, பாறைக்கு இன்னும் மாறவில்லை. அதற்காக யாரையும் தண்டவாளத்தில் படுக்கச் சொல்லவில்லை. லால்குடியில் பஸ் ஏறினால் நானே "ஒரு டால்மியா" என்றுதான் டிக்கெட் கேட்கிறேன்.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஜூலையில் படம் எடுக்க வருபவரை இரண்டடி பின்னால் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். பலகை முழுதும் விழும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பழங்காநத்தம் (மதுரை அல்ல),
லால்குடி வட்டம், திருச்சி மாவட்டம்.