டெஸ்டோஸ்டிரோன் ஊசி: முதல் அரை மணி நேரம் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊர் வாயில் ‘ஆண்மை ஊசி’ என்று அடிபடும் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசியைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றதுமே சிலருக்கு விடாத இருமல் வருகிறது. தொண்டையை யாரோ நெரிப்பதுபோல் இருக்கும், வியர்த்துக் கொட்டும், தலை சுற்றும், நெஞ்சு வலிக்கும். மயங்கி விழுபவர்களும் உண்டு. கூட வந்தவர்கள் நெஞ்சடைப்பு என்று பதறுகிறார்கள், அல்லது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சிகிச்சையையே நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் ஊசியில் உள்ள எண்ணெய்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் டெஸ்டோஸ்டிரோன் அன்டெகனோயேட் ஊசியில் 1000 மில்லிகிராம் மருந்து 4 மில்லி எண்ணெயில் கரைந்திருக்கிறது. அதில் விளக்கெண்ணெய் கலந்திருக்கிறது. நம் வீட்டு விளக்கெண்ணெயைப் போலவே அதுவும் கொழகொழப்பானது. ஊசி போடும்போது அதில் கொஞ்சம் ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால், பொடித் துளிகளாக நுரையீரலின் மெல்லிய குழாய்களில் போய் நிற்கிறது. அதனால்தான் இருமலும் மூச்சுத்திணறலும். உட்கார வைத்து, தேவைப்பட்டால் ஆக்சிஜன் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இது ஒவ்வாமை அல்ல. ஒருமுறை வந்தவருக்கு மறுமுறையும் வந்தே தீரும் என்பதும் இல்லை.

வராமல் தடுப்பது போடுபவர் கையில் இருக்கிறது. மருந்துப் புட்டியை உள்ளங்கையில் உருட்டி உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, புட்டத்தின் மேல் வெளிப்பகுதித் தசையில் ஆழமாக ஊசியை இறக்க வேண்டும். பிஸ்டனை லேசாகப் பின்னிழுத்து ரத்தம் வரவில்லை என்று பார்த்த பிறகே மருந்தைச் செலுத்த வேண்டும். அந்த 4 மில்லியும் இறங்கக் குறைந்தது 2 நிமிடம் ஆக வேண்டும். வரிசையில் இருபது பேர் காத்திருக்கும் இடத்தில் 2 நிமிடம் நீண்ட நேரம்தான். ஆனால் அவசரமாக அழுத்துவதில்தான் வினை இருக்கிறது. கையில் போடவே கூடாது. போட்ட பிறகு 30 நிமிடம் அங்கேயே உட்கார வைக்க வேண்டும். ‘பாம்பன் பஸ்ஸுக்கு நேரமாச்சு’ என்று எழுந்தாலும் விடக் கூடாது. நடுப்பாலத்தில் பஸ்ஸுக்குள் இருமல் பிடித்தால் யார் பார்ப்பது? அன்றைக்கே படகேறுவதும் வேண்டாம்.

உண்மையான ஒவ்வாமை வேறு மாதிரி இருக்கும். உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும், அரிக்கும், உதடும் நாக்கும் வீங்கும், ரத்த அழுத்தம் சரியும். அப்போது காத்திருக்க நேரமில்லை. அட்ரினலின் (ஆயிரத்துக்கு ஒன்று வீரியம்) அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போட்டுவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். ஊசி போடும் எந்த இடத்திலும் இந்த மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, எல்லா டெஸ்டோஸ்டிரோன் ஊசியிலும் ஒரே எண்ணெய் இல்லை. நான்கு வகை டெஸ்டோஸ்டிரோன் கலந்த 250 மில்லிகிராம் ஊசி கடலை எண்ணெயில் வருகிறது. சில கம்பெனி ஊசிகளில் நல்லெண்ணெய் இருக்கிறது. ஆகவே ‘கடலை மிட்டாய் சாப்பிட்டால் வாய் அரிக்குமா, எள்ளுருண்டை ஒத்துக்கொள்ளுமா’ என்று கேட்டுவிட்டு, பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டுப் போடுவதே முறை. பென்சைல் ஆல்கஹால் என்ற சேர்மானமும் சிலருக்கு ஆகாது.

அடுத்தது, சத்தமில்லாமல் வரும் ஆபத்து. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்கி ரத்தத்தைக் கெட்டியாக்கும். லேப் ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்று ஒரு வரி இருக்கும்; ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்பது அது. அது 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, குறைந்த பிறகு அளவைக் குறைத்துத் தொடங்க வேண்டும். தொடங்கும் முன் ஒருமுறை, 3 முதல் 6 மாதத்துக்குள் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். தோலில் பூசும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லைவிட ஊசியில்தான் இது அதிகம் ஏறுகிறது. பீடி, சிகரெட் பிடிப்பவருக்கும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று குறட்டை விடுபவருக்கும் இன்னும் ஏறும்.

கடற்கரையில் இதில் ஒரு சிக்கல் உண்டு. வெயிலில் கிடந்து, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் கரை திரும்பியவர் அப்படியே ரத்தம் கொடுத்தால், நீர் வற்றியதாலேயே பி.சி.வி. கூடக் காட்டும். அதே ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பார்த்தால், ராத்தூக்கம் இல்லாததால் அது குறைத்துக் காட்டும். ஆக, தேவையில்லாத ஒருவருக்கு ஊசி எழுதப்படவும் இடமுண்டு. கடலுக்குப் போகாமல் நன்றாகத் தூங்கி எழுந்த நாளில், காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாள்களில் பார்த்து இரண்டிலும் குறைவாக இருந்தால்தான் குறைவு என்று கொள்ள வேண்டும். முடி வளர என்று பயோட்டின் மாத்திரை போடுபவர்கள் லேபில் சொல்லிவிட வேண்டும். சில பரிசோதனைகளில் அது அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

விசைப்படகுத் தொழிலாளிக்கு எங்கள் யோசனை: அவசரம் இல்லையென்றால் பரிசோதனையை மீன்பிடித் தடைக்காலத்துக்குச் சற்று முன்பே முடித்துவிட்டுச் சிகிச்சையை அப்போது தொடங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கரையில் இருப்பார். முதல் ஊசிக்கும் இரண்டாவதற்கும் 6 வார இடைவெளி என்பதால் இரண்டுமே அதற்குள் வந்துவிடும். உடம்பு எப்படி ஏற்கிறது என்பதைக் கரையிலேயே பார்த்துவிடலாம்.

வளைகுடா நாடுகளிலிருந்து வருபவர்கள் ஜெல் கொண்டுவருவதுண்டு. இதில் பூசிக்கொள்பவரைவிட வீட்டுக் குழந்தைக்கே ஆபத்து. தோளில் ஜெல் பூசிக்கொண்டு சட்டையில்லாமல் பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினால் மருந்து அந்தப் பிஞ்சு உடம்பில் ஏறும். மூன்று நான்கு வயதிலேயே மறைவிடத்தில் முடி முளைக்கும், ஆண் குழந்தையின் உறுப்பு பெரிதாகும். மனைவிக்கு முகத்தில் முடி, பரு, குரல் தடிப்பு வரலாம். கர்ப்பிணியின் மேல் படவே கூடாது. பூசிக் காய்ந்ததும் சட்டை போட வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஜெல்லில் ஆல்கஹால் இருப்பதால் காயும்வரை பீடி பற்றவைக்கக் கூடாது. 40 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் கேப்சூல் எடுப்பவர்கள் கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். வெறும் கஞ்சியோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது.

கால் வீக்கம் வருவது உடம்பில் உப்பும் நீரும் தங்குவதால். தினமும் கருவாடு சாப்பிடுபவருக்கு ரத்த அழுத்தமும் சேர்ந்து ஏறும். மார்க்காம்புக்கு அடியில் கட்டிபோல் வலித்தால், மருந்தில் ஒரு பங்கு பெண் ஹார்மோனாக மாறுகிறது என்று பொருள். அமுக்கிப் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் தணியாவிட்டால் வெட்கப்படாமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை தாழலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தம் உறையும் நேரம் நீளலாம்.

இதயத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இதய நோய் உள்ள, அல்லது வர வாய்ப்புள்ள 5,200-க்கு மேற்பட்ட ஆண்களிடம் ஜெல் கொடுத்துச் செய்த பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் சீரற்ற இதயத்துடிப்பும், நுரையீரலில் ரத்தக்கட்டியும் மருந்து எடுத்தவர்களிடம் கூடுதலாக இருந்தன. ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ, ஊசி போட்டுப் பல நாள் கழித்துத் திடீரென மூச்சு வாங்கினாலோ அது எண்ணெய் இருமல் அல்ல. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்களை மிகவும் வருத்துவது இளைஞர்கள் விஷயம். உடம்பு ஏற வேண்டும் என்று ஜிம்மில் யாரோ சொன்னதை நம்பிப் போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், மூளை விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு அறவே இல்லாமல் போகும். நிறுத்திய பிறகு திரும்ப 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை ஆகலாம். இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்து, பிள்ளை வேண்டும் என்று இதைப் போட்டுக்கொள்வது தலைகீழான வேலை. பிள்ளை வேண்டுமென்றால் அதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. மெடிக்கல் கடைக்காரர்கள் டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு ஊசி கூடக் கொடுக்கக் கூடாது.

இப்படி எது நடந்தாலும் மருந்துப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய அரசின் கட்டணமில்லா எண் 1800-180-3024 இருக்கிறது. நோயாளியே பேசலாம். மருந்தின் பெயர், பெட்டியில் உள்ள பேட்ச் எண், ஊசி போட்ட நேரம், எத்தனை நிமிடத்தில் என்ன செய்தது என்ற நான்கையும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
செவிலியர்கள், மருந்தாளுநர்கள் சிலர்,
ராமநாதபுரம் கடலோரப் பகுதி