மானியம் கேட்கும் பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மொட்டை மாடியில் சூரிய மின்சாரம் அமைப்பவர்களுக்கு மத்திய அரசு தரும் மானியத்தைப் பற்றி, அதற்காக நான்கு மாதம் அலைந்தவன் என்ற முறையில் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அறிவிக்கப்பட்டது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் கிடைக்கும். மூன்று கிலோவாட் என்பது இப்போதைய அளவில் ஆறு சூரியத் தகடுகள். அவற்றுக்கு ஏறத்தாழ முந்நூறு சதுர அடி இடம் போதும். நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு யூனிட் வரும். இரு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டணம் எப்படி ஏறும் என்பதை அனுபவத்தில் அறிந்த எந்தக் குடும்பத்துக்கும் இது பெரிய ஆறுதல். தொகையைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. அதைப் பெறப் போகும் வழியில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

மானியத்துக்கு விண்ணப்பிப்பவரின் பெயரில் மின் இணைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் மின் கணக்கீட்டு அட்டையில், 2009-இல் காலமான என் தந்தையின் பெயர்தான் இன்னும் இருந்தது. பதினைந்து ஆண்டுகளாகக் கட்டணத்தை நாங்கள் தவறாமல் கட்டி வந்தோம். யாரும் எதுவும் கேட்டதில்லை, நாங்களும் மாற்றத் தோன்றாமல் இருந்துவிட்டோம். சூரியத் தகடு வைக்க முன்வந்த பிறகுதான் வாரிசுச் சான்றிதழ், உடன்பிறந்த நால்வரின் ஒப்புதல் கடிதம், சொத்து வரி ரசீது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டி வந்தது. தங்கை ஒருத்தி மஸ்கட்டில் இருக்கிறாள். அவளுடைய கையெழுத்து வந்து சேரவே ஆறு வாரம் ஆயிற்று. கடிதத்தில் வீட்டின் பழைய கதவு எண் இருக்கிறது, புதிய எண் இல்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். மின்வாரிய அலுவலகத்தில் இருந்தவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். ஆனால் மொத்தத்தில் என்னென்ன தாள் வேண்டும் என்பதை முதல் நாளே ஒரே இடத்தில் சொல்லும் ஏற்பாடுதான் அங்கே இல்லை.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. எங்கள் தெருவில் விசாரித்தபோது தாத்தாவின் பெயரில், முன்பு வீட்டை விற்றுவிட்டுப் போனவரின் பெயரில் என்று இணைப்பு உள்ள வீடுகள் பல இருந்தன. பாகம் பிரியாத வீடுகள் நிறைந்த நம் ஊர்களில் இதில் வியப்பில்லை. மத்திய மின்துறை 2024-இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், பத்து கிலோவாட் வரையிலான அமைப்புக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்றும், அமைத்து முடித்ததும் பதினைந்து நாளுக்குள் இயக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் கூறுகின்றன. விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு உள்ள வேகம் இது. விண்ணப்பிக்கத் தகுதி பெறுவதற்கே மாதக்கணக்கில் ஆகிறவருக்கு இந்தப் பதினைந்து நாளால் என்ன பயன்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டின் தரைத்தளத்தில் ஒரு தையல் கடை இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு மோட்டார் இயந்திரங்களும் இஸ்திரிப் பெட்டியும் ஓடத் தொடங்கினால் மாலை விளக்கு வைக்கும் வரை நிற்பதில்லை. வெயில் அடிக்கும் நேரமும் அவர்களுக்கு மின்சாரம் தேவைப்படும் நேரமும் ஒன்றே. வீட்டில் நாங்களோ பெரும்பாலும் இரவில்தான் செலவழிக்கிறோம். ஆனால் அது வணிக இணைப்பு என்பதால் இத்திட்டத்தின் மானியம் ஒரு ரூபாயும் இல்லை. வீடுகளுக்கு உள்ள 100 யூனிட் இலவசமும் இல்லை. தொழில் நடத்துவோருக்குச் சூரிய அமைப்பின் மதிப்பில் 40 சதவீதத் தேய்மானத்தை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் சலுகை உண்டு. அது வரி கட்டும் அளவுக்கு லாபம் உள்ளவருக்கே உதவும். மாதம் முழுவதும் தைத்தும் வாடகைக்கும் கூலிக்கும் சரியாகப் போய்விடுகிற அந்தப் பெண்மணிக்கு அதனால் எதுவும் கிடைக்காது. குறைந்த மின்பளு உள்ள கடைகளுக்கும் சிறு பட்டறைகளுக்கும், வீடுகளுக்குத் தரும் தொகையில் பாதியாவது தருவதுதான் நியாயம் என்று கருதுகிறேன்.

அடுக்ககங்களில் வசிப்போரின் நிலையும் ஏறக்குறைய இப்படித்தான். பொது விளக்கு, மின்தூக்கி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்குக் குடியிருப்போர் சங்கங்கள் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் பெறலாம். ஆனால் தனக்கென்று மாடி இல்லாத தனிக் குடும்பம், வேறிடத்தில் விளையும் மின்சாரத்தைத் தன் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் முறைக்குத் தில்லி 2019-லேயே வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. அந்த வசதி சென்னை, கோவை அடுக்ககவாசிகளுக்கும் எளிதாகக் கிடைக்க வேண்டும்.

மின்வாரியம் 2023 ஜூலையில் பிரிவு அலுவலகங்களில் பெயர் மாற்றத்துக்கென்றே சிறப்பு முகாம்கள் நடத்தியது. பட்டா மாறுதலுக்கு ஜமாபந்தி இருப்பதைப் போல அந்த முகாமை ஆண்டுதோறும் நடத்த வேண்டும். சூரிய மின்சார விண்ணப்பத்தையும் அதே மேசையில் பெற்றுக்கொண்டு, தேவையான ஆவணங்களின் பட்டியலை அலுவலக வாசலில் தமிழில் எழுதி ஒட்டி வைக்குமாறு உரிய அதிகாரிகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திண்டுக்கல்.