இந்த வெயிலில் ஒரு மப்ளர்

ஏற்காடு
மே 9

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கையில் ஊசி இருந்ததால் பேனா பிடிக்கவில்லை. பயந்துவிடாதே, ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி. ஆனால் இந்த விவகாரத்தில் ஒரு டாக்டரும் இருக்கிறார். அதற்கு வருகிறேன்.

முட்டி ஆபரேஷன் முடிந்து நீ படியேறிய கதையை இவரிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அந்த பிசியோதெரபிப் பெண்ணைத் திட்டாதே. அவள் வலிக்க வைக்காவிட்டால் நீ கட்டிலை விட்டு இறங்குகிற ஆளா? இங்கே பூ மழை நேரத்துக்குப் பெய்தது. காப்பி காய் பிடித்திருக்கிறது, மிளகு சுமார். கோடைக் கூட்டம் ஏறிவிட்டது. போன ஞாயிறு இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நின்று, சேலத்திலிருந்து இவர் வீடு வந்து சேர மூன்று மணி நேரம்.

தம்பி மகள் வந்திருக்கிறாள். பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். வந்த அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டதும் "மாமா, எனக்கு டாக்டர் ஹூ பார்க்கணும்" என்றாள். இவர் பாதி தோசையில் எழுந்து, "டாக்டரையா? என்னம்மா ஆச்சு, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் தெரிந்தது, அது டிவி தொடர். 1963-ல் லண்டனில் பிபிசி ஆரம்பித்தது, இன்னும் முடிந்தபாடில்லை. நடுவில் 1989-ல் நிறுத்தி, 2005-ல் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். நம்ம ஊர் மெகா சீரியல் எல்லாம் அதன் முன்னால் கைக்குழந்தை.

கதை என்னவென்று கேட்பாய். வேறு கிரகத்துக்காரர் ஒருவர். இரண்டு இதயம். பெயர் சொல்ல மாட்டார், டாக்டர் என்றே எல்லாரும் கூப்பிடுகிறார்கள். அந்தக் காலத்தில் லண்டன் தெருமுனையில் போலீசைக் கூப்பிட ஒரு நீலப் பெட்டி இருக்குமாம், அதுதான் அவர் வண்டி, பெயர் டார்டிஸ். ஊருக்கு ஊர் மட்டுமில்லை, காலத்துக்குக் காலமும் போகும். போகிற இடத்துக்குத் தகுந்த மாதிரி உருவம் மாறவேண்டிய வண்டி, ரிப்பேராகிப் போலீஸ் பெட்டியாகவே நின்றுவிட்டது. வெளியே ஒரு ஆள் நிற்கிற அளவு, உள்ளே அரண்மனை. இது எனக்குப் புரியவே இல்லை. சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப் போனபோது அவளே புரிய வைத்தாள். அங்கே வாசலில் குனிந்துதானே நுழைய வேண்டும்? அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று மலைச் சனங்கள் சொல்வார்கள். இவள் குனிந்தபடியே திரும்பி, "அத்தை, இதுதான் டார்டிஸ்" என்றாள். பின்னால் நின்ற பாட்டி ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

முதலில் நடித்தவர் வில்லியம் ஹார்ட்னெல் என்ற பெரியவர். மூன்று வருஷத்தில் உடம்புக்கு முடியாமல் போயிற்று. தொடர் நன்றாக ஓடுகிறது, நிறுத்த மனசில்லை. நம்ம சீரியல்காரர்களாக இருந்தால் என்ன செய்வார்கள்? 'இவருக்குப் பதில் இனி இவர்' என்று ஒரு வரி போட்டு, புது மாமியாரைச் சமையல்கட்டில் நிறுத்திவிட்டுப் போவார்கள். அவர்களோ அந்த வரியையே கதையாக்கிவிட்டார்கள். டாக்டர் சாகிற நிலைக்கு வந்தால் உடம்பு மாறும், முகம் மாறும், குணமும் கொஞ்சம் மாறும், ஆள் அதே ஆள். 1966-ல் ஹார்ட்னெல் போய் பேட்ரிக் டிரௌட்டன் எழுந்தார். "கூடு விட்டுக் கூடு பாயறதுதானே?" என்றேன். "இல்லவே இல்லை அத்தை, அதில் இன்னொருத்தர் உடம்பு வேணும். இது அவரோட உடம்பே மாறுது, பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி" என்று கோபித்துக்கொண்டாள். சாஸ்திர வித்தியாசம் பார்க்கிறாள், பார்த்துக்கொள். 2017-ல் டாக்டர் முதல்முறையாக ஒரு பெண்ணாக மாறியிருக்கிறார். ஒரு வியாதியைச் சமாளிக்கக் கண்டுபிடித்த வழி, அறுபது வருஷத்துக்குத் தொடரைக் காப்பாற்றிவிட்டது.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பழையதில் இரண்டு எபிசோட் பார்க்கும்போது உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். ரப்பர் பூதங்கள், தட்டினால் ஆடுகிற சுவர். டாலெக் என்று ஒரு வில்லன், பெரிய மிளகாய்ப் பொடி டப்பாவுக்குச் சக்கரம் வைத்த மாதிரி. ஒரு கையில் கக்கூஸ் அடைப்பு எடுக்கிற ரப்பர். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து காலால் தள்ளிக்கொண்டு போவாராம். இதைப் பார்த்தா இங்கிலாந்துப் பிள்ளைகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்தன என்று சிரித்தேன். "நம்ம வீட்டுக்கு எட்டுப் படி இருக்கு, அதால ஏற முடியாது" என்றேன். "1988-லேயே பறந்து படி ஏறிடுச்சு அத்தை" என்றாள். பதில் இல்லாத கேள்வியே அவளிடம் கிடையாது.

ஆனால் ஒரு தடவை அவளை வாய் பிளக்க வைத்தேன். சேலத்துக்கு உல்லன் நூல் வாங்க இறங்கினோம். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் நிற்கிறதல்லவா, அங்கே பஸ் மெதுவானபோது சொன்னேன்: உன் டாக்டர் பிறக்கும் முன்பே இந்த ஸ்டுடியோக்காரர்கள் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்று ஒரு படம் எடுத்தார்கள். 1952-ல். பழைய காலத்து மாமத் யானை திரும்பி வருகிற கதை. மாமத்துக்கு எங்கே போவது? நம்ம யானைகளுக்கு ரோமம் மாட்டி மாமத் ஆக்கிவிட்டார்கள். வளைவு மறைகிறவரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு என்னைக் கொஞ்சம் மரியாதையாக நடத்துகிறாள்.

உல்லன் எதற்கு என்றால், நாலாவது டாக்டர் டாம் பேக்கர் ஒரு நீள மப்ளர் போட்டிருப்பார், தரையில் புரளும். உடை வடிவமைப்பாளர் நிறைய நூல் வாங்கி, பின்னுகிற அம்மாவிடம் கொடுத்தாராம். எது எவ்வளவு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த அம்மாள் கொடுத்த நூலை மிச்சமில்லாமல் பின்னிக் கொண்டுவந்து வைத்துவிட்டார். எனக்கு அந்தத் தொடரிலேயே ரொம்பப் பிடித்த ஆள் அந்த அம்மாள்தான். என் மாமியாரும் அதே ரகம். நூல் மிஞ்சினால் தூக்கம் வராது.

சேலம் முதல் அக்ரகாரத்தில் கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மே மாசம், வெளியே தார் உருகுகிறது, இரண்டு பேர் உல்லன் கேட்கிறோம். குழந்தை ரோஸும் பள்ளிக்கூட நீலமும்தான் முன்னால் இருந்தது. மேலே ஏறி மூட்டையைத் தள்ளி, துரு நிறம், சாம்பல், காவி, பாசிப் பச்சை, ஒரு மாதிரிக் கத்தரிப்பூ எடுத்துப் போட்டார். கடுகு மஞ்சள் கிடைக்கவில்லை, பச்சை மஞ்சள்தான். அதற்கு அவள் அரை நாள் துக்கம் அனுசரித்தாள். எந்த நிறம் எத்தனை வரிசை என்று அச்செடுத்த தாள் வைத்திருக்கிறாள். நான் பிளெய்ன் பின்னல் போட்டுக்கொண்டு வருகிறேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறாள். ஒரு வரிசை கூடினாலும் பிரிக்கச் சொல்கிறாள். ஒன்பது அடி வந்திருக்கிறது. தம்பி போனில், "சேலத்து வெயிலுக்கு மப்ளரா, ரெண்டு பேருக்கும் மண்டை காய்ஞ்சுதா?" என்கிறான். அவனுக்கு ஏற்கெனவே கடுப்பு. அறிவியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இவள் டாலெக் வரைந்து வைக்க, டீச்சர் அவனைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார். படம் அழகாக இருந்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இருந்தது, நான் பார்த்தேன்.

உன் அக்கா பேரன் ஏதோ தொடரே கதி என்று கிடக்கிறான், போனைப் பிடுங்கி வைக்கலாமா என்று கேட்டிருந்தாயே? பிடுங்காதே. இவளைப் பார்த்தால் படம் பார்க்கிற பெண்ணாகவே தெரியவில்லை. காணாமல் போன நகையைத் தேடுகிறவள் மாதிரி இருக்கிறாள். முதல் எபிசோடை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன், அப்போது வயசு 24 என்று கண்டுபிடித்த அன்று வீட்டுக்குள் குதித்த குதியில் இவர் பூகம்பம் என்று வெளியே வந்துவிட்டார். அந்தப் போலீஸ் பெட்டி கிளம்பும்போது ஒரு சத்தம் வரும், மூச்சு முட்டுகிற மாதிரி. அது பழைய பியானோவின் கம்பியில் வீட்டுச் சாவியை வைத்து இழுத்த சத்தமாம். அதைத் தெரிந்துகொண்டதிலிருந்து என் கொத்துச்சாவி, பீரோச் சாவி எதுவும் இருந்த இடத்தில் இல்லை. ஜன்னல் கம்பி எல்லாம் கீறல்.

1974-ல் இதே மாதிரிப் பதினைந்து வயசுப் பையன் ஒருத்தன், ரேடியோ டைம்ஸ் பத்திரிகை இந்தத் தொடருக்காகப் போட்ட சிறப்பிதழைப் பாராட்டிக் கடிதம் எழுதி, அது அச்சில் வந்திருக்கிறது. 2013-ல் அவரையே டாக்டராக நடிக்கத் தேர்ந்தெடுத்தார்கள். பீட்டர் கபால்டி என்று பெயர். இதை இவள் சொன்ன சொல்லுக்குத்தான் இன்றைக்கு உனக்குப் போன் போடாமல் காகிதம் எடுத்தேன்.

இப்போது உன்னிடம் ஒரு காரியம்.

அந்தத் தொடரின் பழைய எபிசோட்களில் தொண்ணூறுக்கும் மேல் இல்லாமலே போய்விட்டதாம். டேப் விலை அதிகம், வைக்க இடமில்லை, மறுபடி யார் பார்க்கப் போகிறார்கள் என்று பிபிசியே அழித்து, மேலே வேறு நிகழ்ச்சி பதிந்துவிட்டது. வெளிநாட்டுக்கு விற்ற பிலிம் அங்கங்கே மாட்டிக்கொண்டு, 2013-ல் நைஜீரியாவிலிருந்து ஒன்பது எபிசோட் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் கேள், படம் போனாலும் அத்தனை எபிசோடுக்கும் சத்தம் இருக்கிறது. ஒன்று விடாமல். அந்தக் காலத்துப் பிள்ளைகள் வீட்டில் டிவி முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிந்து வைத்திருந்தார்கள்.

அவள் இதைச் சொன்னபோது நான் கத்தரிப்பூ நிறத்தில் பின்னிக்கொண்டிருந்தேன். எத்தனையாவது வரிசை என்பதே மறந்துவிட்டது.

ஞாபகம் இருக்கிறதா? தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை ஸ்டார் ட்ரெக், அந்த விண்வெளித் தொடர். மேல்வீட்டு டாக்டர் மாமி கூடத்தில், செருப்பை வெளியே விட்டுவிட்டுச் சுவரோரம் உட்காருவோம். நீ கண்மையால் புருவத்தை மேலே இழுத்து அதில் வருகிற ஸ்பாக் ஆகி, வீட்டுக்குப் போய் அடி வாங்கினாய். நமக்கு வசனம் ஒன்றும் புரியாது, அதனால்தான் பதிந்து வைத்து அப்புறம் கேட்கலாம் என்று உனக்கு யோசனை வந்தது. உங்கள் அண்ணனுடைய டூ-இன்-ஒன், ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் ஒன்றாக இருக்குமே, அது. வெறும் கேசட் வாங்கக் காசில்லை. அவர் கடையில் கொடுத்துப் பதிந்து வைத்திருந்த இளையராஜா கேசட்டை எடுத்தோம். அழிக்க முடியாதபடி மேலே இரண்டு மூலையிலும் கட்டையை உடைத்து வைத்திருந்தார். நீதான் அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினாய். நான் மாமி வீட்டு ஸ்டூலில் டூ-இன்-ஒன்னைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் குக்கர் விசில், மாமி "யாருடி பால் பார்க்கிறது?" என்று கத்தியது, எல்லாம் விழுந்தது. பிபிசி பண்ணின பாவத்தை நாமும் பண்ணியிருக்கிறோம். பாவம், உங்கள் அண்ணன் எத்தனை நாள் பேசாமல் இருந்தார்.

இதைச் சொன்னதிலிருந்து இவள் என்னை விடவில்லை. கேசட் எங்கே, யாரிடம், கடைசியாக எப்போது கேட்டீர்கள் என்று போலீஸ் மாதிரிக் கேட்கிறாள். நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தாலும் சுத்தம் பண்ணலாமாம், அறுந்தால் ஒட்டலாமாம். ஸ்டார் ட்ரெக் அவளுக்கு வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது. குக்கர் விசில் வேண்டுமாம்.

உங்கள் பழைய வீட்டுச் சாமான் அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னாய். நீ ஏற வேண்டாம், முட்டி ஜாக்கிரதை. அண்ணன் பேரனை ஏற்றிப் பார்க்கச் சொல். மேலே பாட்டுப் பட்டியல் அவர் கையெழுத்தில், பச்சை மையில் இருக்கும். அதை நம்பாதே. இரண்டு மூலையிலும் செல்லோடேப் மஞ்சள் அடித்துப்போய் ஒட்டியிருந்தால் அதுதான்.

அன்புடன்,
உன் ஏற்காட்டுக்காரி

பின்குறிப்பு: அண்ணன் கண்ணில் படாமல் எடுக்கச் சொல்.